நூலைக் கடித்த நர்ஸ்

ஆரணியில் பட்டு நெய்கிற அந்தத் தெருவில் பரிமளாவைத் திட்டாத வாய் குறைவு. அவள் யாரிடமும் சண்டைக்குப் போனவள் அல்ல. ஒருத்தர் பொருளுக்கு ஆசைப்பட்டவளும் அல்ல. நர்ஸ் வேலைக்குப் படித்தாள், அவ்வளவுதான். தொண்ணூற்றைந்தில் பன்னிரண்டாவது முடித்து, கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி வேலூருக்குப் போனாளே, அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு.

பேச்சில் முதல் ஆள் காசியம்மாள். பரிமளாவின் அப்பா சுப்பராயலுவுக்கு உடன்பிறந்த அக்கா, அதாவது பரிமளாவுக்குச் சொந்த அத்தை. ரெண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். பரிமளா தொட்டிலில் கிடந்தபோதே, "இவ எம்மவன் ராஜ்குமாருக்குத்தான்" என்று சொல்லி வைத்தவள். அதே அத்தைதான், பரிமளா வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்துவாள்.

"அங்கியே நில்லுடி. ஊர்ல இருக்கறவன் பீ மூத்திரத்த எல்லாம் வாரிட்டு வந்துகினு இருக்க. தலைக்கு ஊத்திகினு அப்பறம் உள்ள வா."

"குளிச்சிட்டுத்தான் அத்த பஸ் ஏறினேன்."

"நீ குளிச்சத நான் பாத்தனா?"

நாலைந்து வருடம் இப்படிப் போயிற்று. பரிமளா படிப்பை முடித்து வேலூரிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் காசியம்மாள் தம்பி வீட்டுக்கு வந்து, பொணத்தைத் தொட்டுத் துடைக்கிற கையால் என் பிள்ளைக்குச் சோறு போட வேண்டாம், சம்பந்தம் வேண்டாம் என்று உதறிவிட்டுப் போனாள். சுப்பராயலு தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து இருட்டும்வரை நெய்துகொண்டே இருந்தார். அம்மா பூங்காவனம் அழுதாள். பரிமளா மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளுக்கு மாவிளக்கு போட்டுவிட்டு வந்தாள். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வேலூர் வார்டில் கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய் மேலே படித்தார்கள். அவளும் இங்கிலீஷ் பரீட்சை எழுதினாள். முதல் தடவை போயிற்று. இரண்டாம் தடவை தேறினாள். இரண்டாயிரத்து ஆறில் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் பக்கம் ஒரு கல்லூரியில், இடம் கிடைத்தது. ரெண்டு வருடம் படித்தால் அந்த ஊர் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. கழுத்தில் தாலி இல்லை. அதற்கும் தெருவுக்குத் தனிப் பேச்சு இருந்தது.

விசா வந்த செய்தி பரவிய மறுநாள் காசியம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். பின்னால் ராஜ்குமார், புதுச் சட்டையில்.

"நாம இன்னா வேத்து ஆளா? ஏதோ கோவத்துல ரெண்டு வார்த்த சொன்னேன், அத மனசுல வெச்சிக்காதடா தம்பி" என்றாள் சுப்பராயலுவிடம். "வர்ற முகூர்த்தத்துல சிம்பிளா முடிச்சிடலாம். ரெண்டு பேருமா பிளேன் ஏறட்டும்."

ராஜ்குமார் சிரித்தான். "அங்க போயி நானும் எதனா ஒரு வேல பாத்துகினு இருப்பேன் மாமா. பொண்டாட்டி படிக்கறவளா இருந்தா புருஷனுக்கும் விசா குடுக்கறாங்களாம்."

சுப்பராயலுவின் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா வந்துவிட்டாள், அவ்வளவு போதும் அவருக்கு. பூங்காவனம் காபி போட எழுந்தாள். அதுவரை பெரியவர்கள் எதிரில் குரல் உயர்த்தாத பரிமளா, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"நேத்து வரைக்கும் பீ வார்ற கை. விசா வந்ததும் சந்தனக் கையா ஆயிடுச்சா அத்த?"

"பரிமளா!" என்றார் சுப்பராயலு.

"எனக்கு வேணாம்பா. நான் படிக்கத்தான் போறேன்."

காசியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் இறங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "டேய் சுப்பராயலு, நீ பாவு நீட்டற அன்னிக்கு இந்தத் தெருவுல எவன் வரான்னு நானும் பாக்கறேன்டா!"

இது வெறும் வாய்மிரட்டல் இல்லை. புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தெருவில் நீளமாக விரித்து, ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியம் இல்லை. அதனால் ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வரும். கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட பாவுக்கு மட்டும் வந்து ஒரு கை பிடித்துவிட்டு, பேசாமலே திரும்பிப் போவான்.

பரிமளா ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அந்த விடியல் வந்தது. சுப்பராயலு கட்டைகளை ஊன்றி, பாவை எடுத்து வந்து, ஒரு முனையைக் கட்டினார். பூங்காவனம் கஞ்சிச் சட்டியோடு நின்றாள். வீட்டு வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். பல் துலக்கிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தர் இறங்கவில்லை.

"யப்பா, வாங்கப்பா, வெயில் வந்துடும்" என்று சுப்பராயலு பொதுவாகச் சொன்னார்.

எதிர்வீட்டு இராஜமாணிக்கம் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இடுப்புப் புடிப்புண்ணே. குனிய முடியல."

"எனக்கும்" என்றது பக்கத்து வீடு. எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது.

காசியம்மாள் தன் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பொண்ண வந்து கழுத்த நீட்டச் சொல்லு. நாங்க பாவ நீட்டறோம்."

சுப்பராயலு மகளைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரிமளா தாங்கியிருப்பாள். அவர் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. தாலி கட்டிய பின் படிக்க விடுவார்கள் என்று என்ன நிச்சயம்? அம்மா தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போய் போனை எடுத்தாள்.

கூப்பிட்டது சுபத்ராவை, வேலூரில் அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. அவள் அம்மா பச்சையம்மாள் நடவுக்கும் களை எடுக்கவும் போகிறவள். மகள் சொன்னதும், அன்றைக்குக் களம்பூர்ப் பக்கம் நடவுக்குக் கிளம்பி நின்ற ஆட்களை அப்படியே திருப்பி, ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பச்சையம்மாள் வந்து இறங்கினாள். ஆறு பேர். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியபடியே இறங்கினார்கள்.

தெரு எழுந்து நின்றது.

"அடப் பாவி!" என்று காசியம்மாள் ஓடி வந்தாள். "காலனி ஆளுங்கள வெச்சா பாவு நீட்டுவ? இந்தப் பட்டு சாமிக்குப் போவும், கல்யாணத்துக்குப் போவும், தெரியுமில்ல?"

பச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போவட்டும். கட்டிகினு மணையில ஒக்காரும்போது எந்தக் கை புடிச்சதுன்னு புடவையா சொல்லப் போவுது? நாங்க நட்ட நெல்லுதான நீயும் துன்ற?"

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்று பரிமளா கூப்பிட்டாள். அந்த 'அம்மா'வைத் தெரு முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டது.

சுப்பராயலு பாவின் முனையைப் பிடித்தபடி நின்றார். கொடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருக்கிற மனிதர். கிழக்கே பார்த்தார். வெளிச்சம் கூரைக்கு மேல் வந்துவிட்டது. பிறகு பச்சையம்மாள் கையில் முனையைக் கொடுத்தார்.

"ஜல்தி புடிங்கம்மா. வெயில் ஏறுது."

நாற்று பிடித்த கைகள். இழு என்றால் இழுத்தார்கள், நிறுத்து என்றால் நிறுத்தினார்கள். கஞ்சி தடவுவதையும் இழை முடிவதையும் வீட்டார் மூன்று பேரும் ஓடி ஓடிச் செய்தார்கள். பாவு சுருட்டியாயிற்று. பூங்காவனம் எல்லோரையும் வீட்டுக்குள் உட்கார வைத்து இட்லி போட்டாள். காசியம்மாளுக்கு அது பாவைவிடப் பெரிய குற்றம்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. அந்த வாரமே ஆடித் திருவிழாவுக்குக் கோயில் வரி கொடுக்கப் போன சுப்பராயலுவை, "உங்க பேரு இந்தத் தடவ இல்லண்ணே" என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மன் முன்னால் தன் பேரை அடித்துவிட்டார்களே என்று அவர் வீட்டுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பரிமளா பெட்டியைக் கட்டுவதை நிறுத்தினாள்.

"நான் போகலம்மா."

பூங்காவனம் துணிகளை எடுத்துத் தானே மடித்து வைத்தாள். "நீ போவலன்னா இவ்ளோ பேச்சு வாங்கினது வீணாப் போயிடும்டி. பேரை அவுங்க அடிச்சா அம்மன் அடிச்சிட்டாளா? போ."

போன ஊரும் பூமாலை போட்டு வரவேற்கவில்லை. அவள் இறங்கியது குளிர்காலம். பஸ்ஸுக்கு நின்றவள் மேல், போகிற காரிலிருந்து பையன்கள் முட்டையை வீசி, உன் நாட்டுக்குப் போ என்று கத்திவிட்டுப் போனார்கள். தலையெல்லாம் முட்டையோடு வகுப்புக்குப் போக முடியாமல் திரும்பி வந்து குளித்தாள். வெந்நீரில் நின்றபோது அத்தை ஞாபகம் வந்து, அழுகையும் சிரிப்புமாக வந்தது.

படிப்பில் அவளுக்குப் பயம் இல்லை. வேலூரில் எத்தனையோ புண்ணுக்குக் கட்டுப் போட்டவள். ஆனால் இங்கே ஆஸ்பத்திரி வார்டில் வைத்தே பரீட்சை. மார்க்ரெட் என்ற மேற்பார்வை நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ரெண்டு தடவை தவறினால் படிப்பு முடிந்தது. படிப்பு போனால் விசாவும் போய்விடும். மார்க்ரெட் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "உங்கள் நாட்டிலிருந்து வருகிறவர்கள் வேகமாகச் செய்வீர்கள். எனக்கு வேகம் வேண்டாம்."

டோரத்தி என்ற கிழவிக்குக் காலில் ஆறாத புண். அதைத் துடைத்துக் கட்டுப் போடுவதுதான் பரீட்சை. டோரத்தி யாருக்கும் நல்ல வார்த்தை சொல்லாதவள். "இந்தப் பெண்ணா? வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை நீட்டினாள். பரிமளா கை கழுவினாள், கையுறை போட்டாள், துடைத்தாள், மருந்து வைத்தாள், கட்டினாள். ஒரு குறை இல்லை. எல்லாம் முடிந்து நிமிரும்போது, கட்டுத்துணியின் ஓரத்தில் ஒரு இழை பிசிறாகத் தொங்கியது.

தறி வீட்டில் பிறந்தவர்களுக்குப் பல்லும் ஒரு கருவி. அறுந்த இழையை முடிவார்கள், மிச்சத்தைக் கடித்துத் துப்புவார்கள். கத்தரியைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. பிசிறு தொங்கினால் அந்த வீட்டுப் பெண்களுக்கு இருப்புக் கொள்ளாது. வேலூரில் யார் கண்ணிலும் படாமல் எத்தனை தடவை செய்தாளோ தெரியாது. பரிமளா குனிந்தாள். டோரத்தியின் காலருகே வாயைக் கொண்டுபோய் அந்த நூலைக் கடித்துவிட்டாள்.

"கடிக்கிறாள்! என்னைக் கடிக்கிறாள்!"

வார்டே திரும்பியது. மார்க்ரெட்டின் முகத்தில் ரத்தம் இல்லை. வாயில் நூலோடு பரிமளா நின்றாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பெயில். ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, அதுதான் கடைசி. கூடப் படிக்கிறவர்கள் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் கையை இழுத்துக்கொண்டு, கடித்துவிடாதே என்று சிரித்தார்கள்.

போனில் அம்மாவிடம் சொல்லி அழுதாள். பூங்காவனத்தின் வாயில் ரகசியம் நிற்கும். சுப்பராயலு வாயில் நிற்கவில்லை. டீக்கடையில் யாரிடமோ ஆற்றாமல் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் செய்தி.

"வெள்ளக்காரி கால கடிச்சிட்டாளாம்டி!" என்று காசியம்மாள் வீடு வீடாகப் போனாள். "இங்க எம்மவன வேணான்னுட்டுப் போனா, அங்க கெழவி கால புடிச்சிகினு தொங்கறா. வரட்டும். முகூர்த்தம் பாத்து வெக்கிறேன். திரும்பி வந்துதான ஆவணும்? வந்தா எங்க வீட்டு வாசலத் தவிர வேற எந்த வாசல்ல நிப்பா?"

பூங்காவனம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தாள். பரிமளா விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ராஜ்குமாருக்கு இன்னும் பொண்ணு பாக்கலியாம்மா?"

"எங்க பாத்தாங்க? ஒனக்காகத்தான் குந்திகினு கீறான்."

ரெண்டு வாரம் பரிமளா அம்மனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். பாஸ் கேட்கவில்லை. வாயை மூடி வை தாயே என்று கேட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. வார்டில் அன்றைக்குக் கட்டு மாற்ற வேண்டிய ஆள் ஒருத்திதான், டோரத்தி. அந்த ஊரில் நோயாளி சம்மதிக்காமல் தொட முடியாது. வேலூரில் இந்த வழக்கத்தைப் பரிமளா கண்டதில்லை. அங்கே காலை நீட்டு என்றால் நீட்டுவார்கள்.

"அவளைக் கேள்" என்றாள் மார்க்ரெட். "முடியாது என்று சொன்னால் இன்றைக்குப் பரீட்சை இல்லை. வேறு நாளும் இல்லை. வார்டில் உன் நாட்கள் முடிந்தன."

பரிமளா கட்டிலருகே போய் நின்றாள்.

"கடிக்கிற பெண்" என்றாள் டோரத்தி.

"ஆமாம். உங்களைக் கடிக்கவில்லை, நூலைக் கடித்தேன். எங்கள் வீட்டில் பட்டு நெய்கிறார்கள். நூல் தொங்கினால் பல்லால் கடிப்போம். புண்ணுக்குப் பக்கத்தில் அதைச் செய்தது என் தப்பு. இன்னொரு தடவை செய்ய மாட்டேன். இன்றைக்குக் கட்டு மாற்றலாமா?"

"நெய்கிறவளா? அப்படியென்றால் உன் ஊரில் உட்கார்ந்து நெய்ய வேண்டியதுதானே. எதற்கு இங்கே வந்து எங்கள் கால்களைப் பிடிக்கிறாய்?"

இதையே எத்தனை பேரிடம், எத்தனை விதமாகக் கேட்டாயிற்று!

"நெய்கிறவர் என் அப்பா. நான் நர்ஸ்."

டோரத்தி மார்க்ரெட்டைப் பார்த்தாள். "நான் வேண்டாம் என்றால் இவள் என்ன ஆவாள்?"

"ஊருக்குப் போவாள்."

கிழவி யோசித்தாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. "சரி, செய்யட்டும். நான் ஒவ்வொன்றையும் பார்ப்பேன். ஒரு தப்பு செய்தாலும் நானே கத்துவேன். அதைப் பார்க்காமல் இவளை அனுப்ப மாட்டேன்."

இரக்கத்தில் கிடைத்த சம்மதம் இல்லை அது. எப்படிக் கிடைத்தால் என்ன, கிடைத்தது. பரிமளா கை கழுவினாள். ஒரு பக்கம் மார்க்ரெட், ஒரு பக்கம் டோரத்தி, நாலு கண்ணும் கையிலேயே. "தண்ணீர் குளிர்கிறது." "அழுத்துகிறாய்." "அவள் எங்கே பார்க்கிறாள் பார்." ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொன்னாள், கையை நிறுத்தவில்லை. கட்டி முடித்தாள். பாழாய்ப் போன அந்தக் கட்டுத்துணியில் அன்றைக்கும் ஒரு பிசிறு. பல் துறுதுறுத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கையை நீட்டிக் கத்தரியை எடுத்து நறுக்கினாள்.

"கத்தரிக்கோல்! பரவாயில்லை, நாகரிகம் வந்துவிட்டது" என்றாள் டோரத்தி.

மார்க்ரெட் பேனாவை மூடினாள். "பாஸ். கிளம்பும்போது கட்டில் உயரத்தை இறக்கி வை. மறந்துவிட்டாய்." அவ்வளவுதான். ஒரு சிரிப்புகூட இல்லாமல் போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பரிமளா வீட்டுக்குப் போன் போட்டாள். ஆரணியில் அப்போது காலை.

"பாஸாயிட்டேம்மா."

பூங்காவனம் தாயே தாயே என்று அரற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கேக்கறவங்க கிட்ட பெயிலுன்னே சொல்லிடட்டுமா? கண்ணு பட்டுடும்டி."

"வேணாம்மா. போன எடுத்துகினு வாசலுக்குப் போ. தெருவுல நின்னு சொல்லு. ஒரக்கச் சொல்லு."

"ஐயோ, நானா?"

"நீதான்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல், அவள் வாழ்க்கையில் தெருவில் நின்று எழுப்பாத குரல்: "எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டா! கேட்டுக்கோங்க! பாஸ்!"

தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் வாழ்த்தவில்லை. காசியம்மாளின் குரல் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. "பாஸானா இன்னா? அங்கியே கெடந்து சாவட்டும்! இந்தத் தெருவுல அவ கால் வெக்கக் கூடாது!"

"நீ கூப்ட்டாலும் வர மாட்டா அண்ணி!" என்று பூங்காவனம் கத்தினாள். போனில் அவள் விம்முவது கேட்டது. "வராம இருந்துடாதடி."

"வரேம்மா" என்று பரிமளா சொல்ல வாயெடுத்தபோது, வார்டில் நோயாளி கூப்பிடுகிற மணி அடித்தது. டோரத்தியின் கட்டில். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை, விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

பரிமளா போனை வைத்துவிட்டுப் போனாள்.

"எங்கே தொலைந்தாய்? கட்டு இறுக்குகிறது. வேண்டுமென்றே செய்திருக்கிறாய்."

பரிமளா குனிந்து பார்த்தாள். கால்விரல்களை அழுத்தி விட்டாள். நிறம் சரியாகத் திரும்பியது. கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாகப் போயிற்று.

"இறுக்கம் இல்லை. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் கனக்கிறது. தலையணை மேல் தூக்கி வையுங்கள்."

"நீ சொன்னால் வைக்க வேண்டுமா?"

"வைக்க வேண்டும்."

கிழவி அவளை முறைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு வசவோடு, காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள்.